கூப்பிடப் போன ஞாயிறு

சிங்கப்பூரில் எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, மகள் கவிதாவுக்குப் பிறந்திருந்த குழந்தையைப் பார்ப்பது. அது சுலபம், குழந்தை தொட்டிலிலேயே இருந்தது. இரண்டாவது வேலைக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது.

அந்த இரண்டாவது வேலையைக் கொடுத்தவள் என் தங்கை வெள்ளையம்மா. கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; நான் அரியூர் நாடு. அவளை வளப்பூர் நாட்டில் கட்டிக் கொடுத்தோம். அவளுக்கும் மச்சானுக்கும் அங்கே கொஞ்சம் காடு உண்டு. பலா பதினான்கு மரம், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, பள்ளத்தில் மரவள்ளி. அவர்களுடைய ஒரே மகன் பழனி. மகனைக் கேட்காமல் மச்சான் ஏழு சில்வர் ஓக் மரங்களை மிளகுக் கொடியோடு வெட்டி விற்றுவிட்டார். கொடி ஏற்றியவன் பழனி. "இனி நானா இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனவன், கடைசியில் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். அம்மாவோடு போனில் பேசுவான். அப்பாவைப் பற்றி, "அவுங்க எப்படி இருக்கறாங்க?" என்று மட்டும் கேட்பான்.

எங்கள் உறவுக்காரர்களிடையே இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. வர மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிப் போனவன் தானாக வந்து நுழைந்தால் அவன் சொல்லுக்கு மதிப்பில்லை. பெற்றவர்களும் போய்க் கூப்பிடுவதில்லை. தாய்மாமன் போக வேண்டும். நேரில் போய், வா என்று கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டால் மருமகன் தட்டக் கூடாது. தட்டியவன் ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை.

"ஆடி வரைக்கும் பாப்பங்கண்ணா" என்றாள் வெள்ளையம்மா. "எங்களால ஏறி மொளகு பறிக்க முடியல. அவன் வரலீன்னா காட்டையும் ஊட்டையும் பங்காளிக்கே எழுதி உட்டுட்டு, சேந்தமங்கலத்துல மக ஊட்டோட போயிருவம். நீங்க ஒரு வார்த்த கூப்புடுங்க. நீங்க கூப்புட்டா அவன் தட்ட மாட்டான்."

அந்தத் "தட்ட மாட்டான்" தான் விமானப் பயணம் முழுக்க என்னைத் தொந்தரவு செய்தது. நான் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணிப் பார்க்காமல் எதையும் கைமாற்றிப் பழக்கமில்லை. முடியாது என்று சொல்ல வழியில்லாதவனைக் கூப்பிடுவது கூப்பிடுவதா, இழுத்து வருவதா? ஆகவே நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். முதலில் பையனைப் பார்ப்பது. கஷ்டப்படுகிறான் என்றால் கூப்பிடுவது. நன்றாக இருக்கிறான் என்றால் வாயைத் திறக்காமல் வந்துவிடுவது. இந்த ஏற்பாட்டை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கவிதாவின் வீட்டில் கழிந்தது. பதினோராவது மாடி. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒருமுறைகூட வாந்தி எடுக்காத எனக்கு, அவளுடைய லிப்டில் வயிற்றைப் பிரட்டியது. ஜன்னலில் நின்றால் எதிர்க் கட்டடத்தில் நூற்று முப்பத்திரண்டு ஜன்னல்கள். அவற்றில் மனிதத் தலை தெரிந்தது நான்கில். "அப்பா, அடுத்தவங்க வீட்டை எண்ணாதீங்க, தப்பா நினைப்பாங்க" என்று கவிதா திரையை இழுத்துவிட்டாள்.

சனிக்கிழமை மாப்பிள்ளை எங்களை ஒரு சாப்பாட்டு அங்காடிக்குக் கூட்டிப் போனார். சுற்றிலும் கடைகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவான மேசைகள். காலியாக ஒரு மேசைகூட இல்லை என்று மாப்பிள்ளை முணுமுணுத்தபோது நான் ஒன்றைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிட்டேன். மேசைமேல் யாரோ மறந்துவிட்டுப் போன காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தது. வீணாகப் போகிறதே என்று ஒன்றை உருவி மூக்கைத் துடைத்தேன். தட்டோடு ஒரு சீனக் கிழவி வந்து என் முன்னால் நின்று சீன இழுவையோடு இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். பக்கத்து மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். கவிதா மொழிபெயர்த்தாள்: "இடத்தையும் எடுத்துக்கிட்டு என் பேப்பர்லயே மூக்கையும் சிந்துறாரு, நல்ல மனுஷன்தான்னு சொல்றாங்கப்பா." அந்தப் பொட்டலம் வைத்தால் இடம் பிடித்ததாக அர்த்தமாம். எங்கள் மலை பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுகிறோம், அதேதான். ஆனால் துண்டில் மூக்குச் சிந்தியவனை நாங்கள் சிரித்துவிட்டு விட்டிருக்க மாட்டோம். கிழவி எதிரிலேயே உட்கார்ந்து, ஒரு மீன் உருண்டையை என் கிண்ணத்தில் போட்டாள். மொத்தம் ஐந்து உருண்டைகள் இருந்தன அவளிடம்.

ஞாயிறு காலை பழனி வந்தான். மடிப்புக் கலையாத புதுச் சட்டை, கையில் மங்குஸ்தான் பழப் பை. குழந்தையைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவிக்கொண்டான். பிறகு என் காலைத் தொட்டான்.

"நல்லாருக்கீங்களா மாமா? மலையில மழைங்களா?"

"பேஞ்சுது. போதாது" என்றேன்.

முகம் தெளிவாக இருந்தது. உடம்பு தேறியிருந்தது. நன்றாக இருக்கிறான் என்ற பக்கத்தில் மனதுக்குள் இரண்டு கோடுகள் போட்டேன்.

மாடி பஸ்ஸில் மேல் தட்டில், முன்னால் கண்ணாடியை ஒட்டிய இருக்கையில் என்னை உட்கார வைத்தான். மரக்கிளைகள் முகத்தில் அடிக்க வருவதுபோல் வந்து விலகின. நான் தலையைக் குனியும்போதெல்லாம் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமையானதால் தெருக்கள் சாவகாசமாக இருந்தன. நாய்க்குச் செருப்பு மாட்டி ஒரு பெண் நடத்திக்கொண்டு போனாள். நான்கு காலுக்கும் நான்கு. எனக்கு அந்த ஊர் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"மாமா, கெணத்து மேட்டுப் பலா இந்த வருசம் எத்தன காச்சுது?"

"நாப்பத்தொண்ணு."

"அணில் கடிச்சதச் சேத்துங்களா, சேக்காமயா?"

"சேக்காமதான்."

"அப்ப நல்ல காப்புங்க" என்று தொடையில் தட்டிக்கொண்டான். மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் மாற்றினார்களா, வளைவு மேட்டில் இன்னும் பஸ் நிற்கிறதா, பள்ளத்து வயலில் இந்த முறை யார் மரவள்ளி நட்டது என்று வரிசையாகக் கேட்டான். "அவுங்களுக்கு கால் வீக்கம் கொறஞ்சுதுங்களா?" என்றும் கேட்டான். நான் எல்லாவற்றுக்கும் எண்ணிக்கையோடு பதில் சொன்னேன். பேச்சுக் கொடுக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

தேக்கா என்ற கடைத்தெருவில் இறங்கியதும் சேலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டோமோ என்று இருந்தது. பார்க்கும் முகமெல்லாம் நம் முகம். ஞாயிறு ஒருநாள்தான் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு ஓய்வு. எங்கெங்கோ இருக்கும் விடுதிகளிலிருந்து அங்கே வந்து சேர்கிறார்கள். ஒரு கடையில் இலை போட்டு ஆட்டுக்குழம்பு ஊற்றினார்கள். குழம்பு நன்றாக இருந்தது, மிளகுதான் மணக்கவில்லை. அதைச் சொன்னேன். "ஆமாங்க மாமா, இங்க மொளகு வெறும் காரந்தான்" என்றான் பழனி.

சாப்பாடு முடிந்து ஒரு புல்வெளிக்குப் போனோம். ஊர் வாரியாக வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் அடிவாரத்து வட்டத்தில் பதினேழு பேர். காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம், நாமகிரிப்பேட்டை ஆட்கள். பழனியை "மலைக்காரன்" என்று கூப்பிட்டார்கள். ஒருவன் எனக்காக அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தான். இன்னொருவன் டீ வாங்கி வந்தான்.

பரமசிவம் என்ற தாடிக்காரன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டான்: "ஏனுங்க பெரியப்பா, மருமகன இழுத்துட்டுப் போக வந்தீங்களாட்டம் இருக்குது?"

"அவன் போயிட்டா எங்களுக்கு ஆர்ரா ரசம் வெப்பா?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"உம்பட மூஞ்சிக்கு ரசம் ஒண்ணுதான் கேடு!"

எல்லோரும் சிரித்தார்கள். பழனி மட்டும் சிரிக்கவில்லை. புல்லைக் கிள்ளுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பையன் பயந்துவிட்டான், மாமன் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவானோ என்று பதறுகிறான் என்று எனக்குத் தோன்றியது. அவனை உடனே விடுவிக்க வேண்டும் என்றிருந்தது.

"சேச்சே, நான் பேத்தியப் பாக்க வந்தேனப்பா. வந்த எடத்துல ஊரையும் பாத்துட்டுப் போறேன்" என்றேன்.

பழனி மறுபடி புல்லைக் கிள்ளத் தொடங்கினான். நான் என் கணக்கில் பதினேழு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டேன். ஊரில் அவனுக்கு இத்தனை பேர் கிடையாது.

பிறகு அவன் வேலை செய்யும் இடத்தைக் காட்டக் கூட்டிப் போனான். கட்டட வேலையிலிருந்து ஒரு பெரிய பூங்காவுக்கு மாறியிருந்தான். அங்கே கண்ணாடியால் ஒரு பிரம்மாண்டக் கூண்டு. கூண்டுக்குள் ஒரு மலை. மண்ணால் ஆனதல்ல, கட்டியது. மேலிருந்து அருவி விழுகிறது. உள்ளே குளிர் அடிக்கிறது. வேளை வந்ததும் குழாய்களிலிருந்து மூடுபனி கிளம்புகிறது. ஜனங்கள் கட்டணம் கட்டி உள்ளே வந்து, "ஆ" என்று வாயைப் பிளந்து படம் எடுக்கிறார்கள். எங்கள் ஊரில் மார்கழியில் வாசலைத் திறந்தாலே இது உள்ளே வந்துவிடும். சாத்து, சாத்து என்று கத்துவோம்.

"மாமா, இந்த மலையில அட்டை இல்ல, பாத்தீங்களா?"

"மலைன்னா ரெண்டு அட்டையாச்சும் இருக்கோணும்டா. இல்லாட்டி மலைன்னு எவன் ஒத்துக்குவான்?"

அவன் வேலை அந்த மலையின் பக்கவாட்டில். கயிற்றில் தொங்கிக்கொண்டு சுவர் முழுக்க வைத்திருக்கும் செடிகளைக் கழிப்பது, காய்ந்ததைப் பிடுங்கிப் புதிதாக நடுவது. ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று மிளகு பறித்தவனுக்குக் கயிறும் இடுப்புப் பட்டையும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். ஒரு கொடியின் இலையைத் தூக்கிக் காட்டினான். மிளகு இலை மாதிரியே இருந்தது.

"சொந்தக்காரந்தானுங்க மாமா. ஆனா காய் புடிக்காது. எல பாக்கறதுக்கு மட்டும்."

அப்போது சட்டைப்பையில் பெயர் அட்டை குத்திய ஒரு நடுவயதுப் பெண் வந்தாள். பழனியின் மேற்பார்வையாளர். மலாய்க்காரி. அவனிடம் ஏதோ கேட்டாள், அவன் சுருக்கமாகப் பதில் சொன்னான். உடனே அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கி, தலையைச் சாய்த்து, வருத்தப்படுகிறவள் மாதிரி வேகமாக ஏதோ சொன்னாள். நான் படித்த இங்கிலீஷ் தந்தி இங்கிலீஷ்; அவளுடைய வேகத்துக்கு அது ஓடவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"நீங்க ஆருன்னு கேட்டாங்க. என்ற தாய்மாமன்னு சொன்னேன்."

"அதுக்கு இவ்வளவு பேச்சா?"

"நான் நல்ல வேலைக்காரன்னு சொல்றாங்க மாமா" என்று வேறு பக்கம் பார்த்தான்.

எனக்குப் பெருமையாக இருந்தது. குளிர்ந்த இடத்தில் வேலை, மதிக்கிற மேலதிகாரி, ரசத்துக்கு ஏங்குகிற நண்பர்கள். எதிர்ப் பக்கத்தில் போடக் கோடே கிடைக்கவில்லை. என் ஏற்பாட்டின்படி பார்த்தால் விடை வந்துவிட்டது. நான் அவன் தோளைத் தட்டினேன்.

"நல்ல வேலை கண்ணு. இந்த மாதிரி கெடைக்காது. உட்றாத."

அவன் சுவரிலிருந்து ஒரு காய்ந்த இலையைக் கிள்ளி எடுத்தான்.

"சரிங்க மாமா" என்றான்.

அதன்பிறகு அவன் மெதுவாகவே நடந்தான். களைத்துவிட்டான் என்று நினைத்தேன். தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். இங்கே அதை ரொட்டித் துண்டுக்குள் மடித்துக் கொடுக்கிறார்கள். பஸ் நிறுத்தத்தில் எங்கள் பஸ் இரண்டு வந்தும் அவன் கை காட்டவில்லை. நான்தான் கடிந்துகொண்டேன்: "வந்த பஸ்ஸ உட்டுட்டு என்னடா யோசன? இருட்டறதுக்குள்ள ஊடு சேரோணும்." மூன்றாவதில் ஏறினோம். இந்த முறை கீழ்த்தட்டிலேயே உட்கார்ந்தான்.

கவிதாவின் கட்டடத்தில் லிப்ட் வரைக்கும் வந்தான். நான் உள்ளே போன பிறகும் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வேற எதாச்சும் சொல்லோணுங்களா மாமா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஒடம்பப் பாத்துக்க."

"அம்மா எதாச்சும் சொல்லி உட்டாங்களா?"

சொல்லிவிட்டாள் என்றால் என்னவென்று கேட்பான். சொன்னால் தட்ட மாட்டான். அன்று நான் பார்த்த வாழ்க்கையை என் ஒரு வார்த்தைக்காக மடித்து வைத்துவிட்டு வருவான். அதை நினைத்துத்தான் சொன்னேன்: "கேட்டதாச் சொன்னா. லிப்டுக் கதவப் புடிக்காதடா, கெட்டுப் போயிரும்."

கையை எடுத்துக்கொண்டான். கதவு மூடியது.

திங்கட்கிழமையிலிருந்து ஊருக்குக் கிளம்பும் வரை மழை. குழந்தை தும்மினால் எண்ணுவதைத் தவிர எனக்கு அங்கே வேலையில்லை.

ஊர் திரும்பியபோது வெள்ளையம்மா பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தாள். பையை வாங்குவதற்கு முன்பே கேட்டாள்: "கூப்புட்டீங்களாண்ணா?"

"பையன் நல்லா இருக்கறான் வெள்ளையம்மா. நல்ல எடம். நாலு பேரு மதிக்கறாங்க. நான் கூப்புடல."

"அவன் வரலீன்னு சொன்னானுங்களா?"

"நான் கேக்கவே இல்ல."

பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். "நீங்க படிச்சவங்க. தெரிஞ்சுதான் செஞ்சிருப்பீங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல். அவள் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. அப்படியே நம்பித்தான் சொன்னாள்.

ஆடி பிறந்தது. பங்காளிக்குக் காட்டையும் வீட்டையும் எழுதிக் கொடுத்தார்கள். சாமான்களைச் சேந்தமங்கலத்துக்கு ஏற்றிய அன்று நானும் போயிருந்தேன். இருபத்து மூன்று உருப்படிகள். மச்சான் லாரியில் முன்னால் உட்கார்ந்து, காலை நீட்ட இடமில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள் கவிதா போன் செய்தாள். பழனி குழந்தையைப் பார்க்க வந்திருந்தானாம். போகும்போது வாசலில் நின்று, "மாமாவுக்கு எம்மேல எதாச்சும் கோவமா?" என்று கேட்டானாம்.

"என்னப்பா நடந்தது அன்னைக்கு?" என்றாள் கவிதா. "நீங்க சிங்கப்பூர் வர்றீங்கன்னு தெரிஞ்சதுமே அவன் வேலையை விடப் போறேன்னு அங்க சொல்லியிருக்கான். பெட்டிகூட கட்டிட்டானாம். மாமா வர்றாங்கன்னா கூப்பிடத்தான் வர்றாங்கன்னு புதுச் சட்டை எடுத்திருக்கான். அந்த மேற்பார்வை அம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? 'நீங்கதான் வந்து இவனைக் கூட்டிட்டுப் போறீங்களா, எங்களுக்கு இப்படி ஒரு ஆள் இனிமே கிடைக்க மாட்டான்'னு சொல்லியிருக்காங்க. நீங்க விட்டுடாதேன்னு சொன்னீங்களாம். மறுநாள் போய் அவங்ககிட்ட கெஞ்சித் திரும்ப வேலையை வாங்கினானாம். மாமா சொல்லிட்டாங்க, தட்ட முடியாதுன்னு."

நான் போனை வைத்துவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையை முதலிலிருந்து மறுபடி கூட்டிப் பார்த்தேன். கிணற்று மேட்டுப் பலா, கொட்டகைத் தகரம், வளைவு மேட்டு பஸ், பள்ளத்து வயல், அவன் அப்பாவின் கால் வீக்கம். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு அவன் நிறுத்தி, என் வாயைப் பார்த்தது இப்போது தெரிந்தது. நான் எண்ணிக்கையைச் சொன்னேன். அடிவாரத்து ஆட்கள் நடுவில் அவன் பயந்துபோய்ப் பார்க்கவில்லை. இதோ சொல்லப் போகிறார் என்று பார்த்திருக்கிறான். கூப்பிட்டால் தட்ட முடியாதவனாக மட்டுமே அவனை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிடாமல் வர முடியாதவன் என்பது அதே வழக்கத்தின் மறுபாதி. எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வழக்கம்.

வழக்கத்தையும் மீறி, நேரில் போகாமல், கவிதாவிடம் எண் வாங்கி அவனுக்குப் போன் போட்டேன். வேலையில் இருந்தான் போல. பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"பழனி, மாமன் பேசறேன். கூப்புடறேன் கண்ணு. வந்துரு."

"சரிங்க மாமா" என்றான் உடனே.

 பிறகு துளிக் கோபமும் இல்லாமல் கேட்டான்:

"எங்கீங்க மாமா வாரது?"